புள்ளி எட்டு: லைன் வீட்டுப் பெண்ணின் கணக்கு

1957 ஜூலையில் டெல்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்தது. சம்பாதிப்பவர் ஒருவர். அவரை நம்பி மனைவி, இரண்டு குழந்தைகள். நால்வரும் சேர்ந்து மூன்று நுகர்வு அலகுகள்: கணவன் 1, மனைவி 0.8, குழந்தைகள் ஆளுக்கு 0.6. ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசின் தொழிலாளர் குடியிருப்புத் திட்டம் தரும் குறைந்தபட்ச இடத்துக்கான வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். பெண்களும் பிள்ளைகளும் சம்பாதிப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் மாநாடு சொன்னது.

தொழிற்சங்க வகுப்புகளில் இதை ஒரு வெற்றியாகச் சொல்லித் தருவார்கள். அது வெற்றிதான். ‘உன் மனைவியும் சம்பாதிக்கிறாளே’ என்று சொல்லி முதலாளி ஆணின் கூலியைக் குறைத்துவிட முடியாதபடி அந்தக் கடைசி வரி தடுத்தது. ஆனால் நாம் இலக்கியம் படிப்பவர்கள். ஒரு பிரதியில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் பார்க்கப் பழகியவர்கள். இந்தச் சூத்திரத்தையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம். அதில் அரிசிக்கு இடம் இருக்கிறது, அதைச் சோறாக்கும் ஆளுக்கு இடம் இல்லை. விறகுக்குக் காசு இருக்கிறது, சுமந்து வருகிற தலை இல்லை. தண்ணீர் என்ற சொல்லே இல்லை. மனைவி அதில் தின்னும் வாயாக மட்டும் வருகிறாள். அதுவும் முழு வாயாக இல்லை, புள்ளி எட்டாக.

நான் திருப்பூரில் லைன் வீட்டில் பிறந்து பன்னிரண்டு வயதுவரை அங்கே வளர்ந்தவள். என் அம்மாயி 1950-களில் காங்கயம் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து கல்யாணமாகி அந்த லைனுக்கு வந்தவர். அவர் சொன்னவற்றையும், இப்படிப்பட்ட வீடுகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றையும், மேலே சொன்ன சூத்திரத்தையும் அருகருகே வைத்து வாசிக்கும் முயற்சி இந்தக் கட்டுரை. நான் சொல்ல வருவது இதுதான்: லைன் வீடு என்பது மில்லில் வேலை முடிந்து ஆண்கள் திரும்பி வந்த இடம் மட்டும் இல்லை. அது மில்லின் இன்னொரு பகுதி. அங்கே நடந்த உற்பத்தியைக் கூலிக் கணக்கும் எழுதவில்லை, இலக்கியமும் பெரும்பாலும் எழுதவில்லை.

சங்கும் அடுப்பும்

லைன் வீட்டைப் பார்க்காத மாணவிகளுக்காகச் சொல்கிறேன். ஒரே ஓட்டுக்கூரை நீளமாக இறங்கியிருக்கும். அதன் கீழே வரிசையாகக் கதவுகள். எங்கள் லைனில் பத்து. ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஓர் அறை, அதன் மூலையில் அல்லது சின்னத் தடுப்புக்குப் பின்னால் அடுப்பு, மேலே சாமான் போட ஓர் அட்டாலி. முன்னால் எல்லோருக்கும் பொதுவான வாசல். வாசலின் ஒரு கோடியில் சேந்து கிணறு, துவைக்கிற கல், படல் கட்டிய குளிக்கும் மறைவு. இன்னும் தள்ளி, பத்து வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். வாலிபாளையத்திலும் ராயபுரத்திலும் மங்கலம் ரோட்டிலும் இந்த வடிவத்தில் சின்ன மாற்றங்களோடு நூற்றுக்கணக்கான வீடுகள் இருந்தன. பருத்தி அரவை, நூல் மில், பிறகு பனியன் கம்பெனி என்று ஊர் வளர வளர, காலி இடம் வைத்திருந்தவர்கள் லைன் கட்டி வாடகைக்கு விட்டார்கள். 1952-ல் மத்திய அரசு தொழிலாளர் குடியிருப்புக்கு மானியத் திட்டம் கொண்டுவந்தது உண்மை. எங்களுக்குத் தெரிந்த வீடு தனியார் கட்டிய லைன்தான்.

இந்த ஓர் அறை எப்படி ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தது? போதுமானதாக ஆக்குவது ஒரு வேலை. அதைப் பெண்கள் செய்தார்கள். தாத்தா நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தவர். இரவு ஷிப்ட் முடித்து வருகிற ஆணுக்குப் பகலில் தூங்க இடம் வேண்டும். அந்த வாரம் முழுக்க அறை படுக்கையறை. சமையல் வாசலுக்கு வரும், கல்லை வைத்துக் கூட்டிய அடுப்பு எரியும். பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது, வாசலிலும் சத்தம் போடக் கூடாது. அடுத்த வீட்டில் பகல் ஷிப்டுக்காரர் என்றால் அவருக்கு நேரம் வேறு. ஊரிலிருந்து வேலை தேடி வந்த கொழுந்தனோ பங்காளி மகனோ வீட்டில் தங்கியிருந்தால் அவருக்கு இன்னொரு ஷிப்ட். ஒரு நாளில் மூன்று முறை உலை வைக்க வேண்டியிருந்தது அதனால்தான்.

“சங்கு ஊதறதுக்கு மின்னாடி சோறு வெந்திருக்கோணும் கண்ணு. அதுக்கு மின்னாடி தண்ணி வந்திருக்கோணும். எனக்கு மூணு சங்கும் சங்குதான்” என்பார் அம்மாயி. மில் சங்கு ஆணுக்கு எட்டு மணி நேரத்தை அளந்து கொடுத்தது. வேலை நேரத்துக்கான சட்டமும் சங்கமும் அந்த எட்டு மணி நேரத்துக்காகப் போராடின. அதே சங்கு, அதைக் கேட்டு அடுப்புப் பற்றவைத்தவளுக்கு முடியும் நேரத்தைச் சொல்லவே இல்லை.

தண்ணீர் தனிக் கதை. கிணற்றில் வந்தது சப்பைத் தண்ணீர், துவைக்கவும் கழுவவும் மட்டும் ஆகும். பருப்பு அதில் வேகாது. நல்ல தண்ணீருக்குத் தெருக்குழாய், அது வராத நாளில் வண்டித் தண்ணீர், அல்லது யாருடைய தோட்டத்துக் கிணறோ. 1960-களில் மேட்டுப்பாளையத்திலிருந்து குழாயில் பவானித் தண்ணீர் வந்தபோது அது எப்போது வரும் என்று காத்திருக்கும் வேலையும் கூடவே வந்தது. பதினைந்து லிட்டர் பிடிக்கிற குடம் நிறைந்தால் பதினைந்து கிலோ, குடத்தின் எடை தனி. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிக்கப் பருத்திமார், மரத்தூள் அடுப்புக்குத் தூள், பற்றவைக்க மில்லின் கழிவுப் பஞ்சு. கூலிச் சூத்திரத்தின் 20 சதவீதத்துக்குள் வீட்டை அடக்கியது இந்தப் பொறுக்கலும் சுமத்தலும்தான்.

2,700 கலோரிக்கு அடிப்படையாக இருந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக இருந்தவர். எங்கள் ஊருக்கு வடமேற்கே தெரிகிற மலையில் உட்கார்ந்து உழைக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று ஆராய்ந்த அறிவியல், அந்த உணவைத் தட்டில் கொண்டுவந்து வைக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்ற கேள்விக்கு வரவில்லை. கேள்வி அறிவியலுக்கு அப்பாற்பட்டது இல்லை. கேட்கும் இடத்தில் குடம் சுமந்தவர் யாரும் இல்லை.

கணக்கில் சேராத காசு

லைன் வீட்டுப் பெண்கள் காசு சம்பாதிக்காதவர்கள் என்பதும் உண்மை இல்லை. அம்மாயி பருத்தி சீசனில் அரவை மில்லில் கொட்டை பொறுக்கினார். பக்கத்து வீட்டு அத்தை ஒருவர் விடியற்காலையில் இட்லி சுட்டு விற்றார். இன்னொருவர் எருமை வைத்துப் பால் ஊற்றினார். பனியன் கம்பெனிகள் பெருகியபோது பிசிர் வெட்டுவதும் மடித்து அடுக்குவதும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வந்தன. தைக்கும் மெஷினும் கட்டிங் மேசையும் வெகுகாலம் ஆண்களிடமே இருந்தன. 1980-களில் ஏற்றுமதி வேகம் பிடித்த பிறகுதான் பெண்கள் பெருமளவில் உள்ளே போனார்கள்.

மில்லில் ஏன் நிலையான வேலை இல்லை என்பதற்குச் சட்டத்திலும் ஒரு பதில் இருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டம், மாலை 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பிடம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த எண்ணிக்கை 30 ஆனது. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட விதிகள்தான். ஆனால் ஷிப்ட் மாற்றி ஓடுகிற மில்லுக்கு இரவில் வர முடியாத தொழிலாளி தேவைப்படவில்லை. சின்னப் பட்டறைக்கோ அந்த எண்ணிக்கையே வரவில்லை. பெண்ணை ஆலைக்கு வெளியே வைத்தது ஒரு சட்டம், வெளியே அவள் சம்பாதித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது ஒரு சூத்திரம். இரண்டுமே நல்ல நோக்கத்தோடு வந்தவை, இரண்டுமே அவளை வேலை செய்யாதவளாக எழுதின.

ஜெர்மானியப் பெண்ணியர் மரியா மீஸ், ஆந்திராவின் நரசாப்பூரில் சரிகைப் பின்னல் செய்த பெண்களைப் பற்றி 1982-ல் வெளியிட்ட நூலில் இதே முடிச்சைக் காட்டினார். உலகச் சந்தைக்குப் போகிற பொருளை வீட்டுக்குள் இருந்து செய்யும் பெண்கள் ‘இல்லத்தரசிகள்’ என்று அழைக்கப்பட்டதால்தான் அவ்வளவு குறைந்த கூலிக்கு அது செய்யப்பட்டது. லைன் வீட்டுத் திண்ணையில் பிசிர் வெட்டியவளுக்கும் அது பொருந்தும். பம்பாயின் சால் குடியிருப்புகளில் மில் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்ட கானாவளிப் பெண்கள் 1975-ல் பிரேமா புராவ் தலைமையில் அன்னபூர்ணா மகிளா மண்டலாகச் சேர்ந்து, தங்கள் சமையலைத் தொழில் என்று வங்கியை ஒப்புக்கொள்ள வைத்து கடன் வாங்கினார்கள். கொழுந்தனுக்கும் பங்காளி மகனுக்கும் போட்ட சோறு எங்கள் லைனில் கடைசிவரை உறவாகவே இருந்தது. உறவுக்கு விலை கேட்க முடியாது.

தண்ணீரைத் தண்ணீராக வாசிப்பது

இந்த வீட்டைத் தமிழ்ப் புனைகதை எப்படிப் பார்த்தது? தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953-ல் வந்தது. நூல் கிடைக்காமல் நொடித்த கைத்தறி நெசவாளர்களைப் பற்றிய நாவல் அது. பசியை அரசியலாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த எழுத்து. அதில் பசி தெருவுக்கு வரும்போதுதான் வரலாறாகிறது. அடுப்படியில் பசியைப் பங்கிட்டவள், கடைசியாகச் சாப்பிட்டவள், வரலாற்றுக்கு முந்தைய இடத்தில் நிற்கிறாள்.

ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ 1965-ல் திரைப்படமாகவும் வந்தது. சென்னைச் சேரியில் கூலி வேலை செய்து தனியே மகனை வளர்க்கும் தங்கம், கிளி ஜோசியக்காரனை விரும்புகிறாள். மகன் சிட்டிக்கு அது பொறுக்கவில்லை. அவளை ஒழுக்கம் கெட்டவளாகக் காட்டாதது ஜெயகாந்தனின் துணிச்சல். ஆனாலும் நாவல் நம்மை நிறுத்தும் இடம் சிட்டியின் கண். அவனது அவமானமும் கோபமும் மனம் மாறுதலும்தான் கதையின் நடை. நான் கேட்க விரும்புவது வேறு: ஒற்றை அறையில் வளர்ந்த மகனோடு வாழ்கிற பெண்ணுக்கு ஆசைப்பட எங்கே இடம்? லைன் வீட்டில் கணவன் மனைவிக்கே அந்தக் கேள்வி இருந்தது. மாமியாரும் பிள்ளைகளும் படுத்திருக்கும் அறையில், மூச்சுச் சத்தத்தை அடக்கிக்கொண்ட தாம்பத்தியம். ஆண்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொள்ளலாம். பெண்கள் விடிவதற்கு முன் குளித்தார்கள், கக்கூஸுக்கு இருட்டும்வரை அடக்கிக்கொண்டார்கள், தூரமான நாட்களில் பத்து வீட்டுக் கண்களுக்கு நடுவே ஒரு மூலையைத் தேடினார்கள். இட நெருக்கடி என்று ஒரே சொல்லில் எழுதுகிறோம். அந்த நெருக்கடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் இல்லை.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இந்த வரிசையில் தனியாக நிற்கிறது. 1970-களின் தொடக்கத்துச் சென்னையில், தண்ணீர்ப் பஞ்சத்தின் நடுவே ஒண்டுக்குடித்தனத்தில் வாழும் ஜமுனாவின் கதை. பாத்திரங்கள் மில் தொழிலாளர்கள் இல்லை, கீழ்நடுத்தர வர்க்கம். ஆனால் குடமும் வரிசையும் பம்பும் சண்டையும் கதையின் பின்னணியாக நிற்காமல் கதையாகவே ஆன நாவல் வேறு அதிகம் இல்லை. எனக்குக் குறை நாவலிடம் இல்லை, அதை நமக்குக் கற்பித்த விமர்சனத்திடம். கல்லூரியில் எங்களுக்குத் தண்ணீர் ஒரு குறியீடு என்றே சொல்லித் தந்தார்கள்: ஜமுனாவின் அக வறட்சி, நகரத்தின் ஈரமின்மை. தேர்விலும் அப்படியே எழுதினோம். நாவலில் டீச்சரம்மா தன் துயரத்தையும் சுமந்துகொண்டு குடத்தையும் சுமக்கிறாள், அதனால்தான் அவளால் ஜமுனாவோடு பேச முடிகிறது. அந்தத் தோழமை குறியீட்டிலிருந்து பிறக்கவில்லை. ஒரே வேலையைச் செய்கிற இரண்டு உடல்களிலிருந்து பிறக்கிறது. தண்ணீரை முதலில் தண்ணீராக, எடையுள்ள பொருளாக, யாரோ ஒருத்தி இறைத்துச் சுமக்கும் பொருளாக வாசித்தால் அது பெண்களின் உழைப்பைப் பற்றிய நாவலாகத் தெரியும். குறியீடு என்று அவசரமாகத் தாவுவது குடத்தைத் தூக்காதவர்களின் வசதி.

யாருடைய உழைப்பு?

திருப்பூர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு: வெறுங்கையோடு வந்தவர்கள் உழைப்பால் முதலாளியான ஊர். விழா மலர்களிலும் மேடைகளிலும் அந்தக் கதை வரும். எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ நாவலும் இந்த ஊரின் வளர்ச்சியை ஐந்து நண்பர்களின் வாழ்க்கை வழியாகத்தான் சொல்கிறது. சரத் சாரி 2004-ல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்த ‘உழைப்பு’ என்ற சொல்லையே சோதித்துப் பார்த்தது. தொழிலாளியாக இருந்த கவுண்டர் சமூக ஆண்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்று விளக்கிய அவர், அதற்குச் சகோதரர்களின் மூலதனம் என்ற பொருளில் பெயர் வைத்தார். ஆண்களின் சாதி உறவும் தோழமையும் மூலதனமாக மாறியது என்பது அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

அந்தச் சகோதரத்துவத்தின் மறுபக்கம் லைன் வீட்டில் இருந்தது. முதல் சிங்கர் மெஷின் எப்படி வந்தது என்று எங்கள் லைனின் பழைய பெண்களிடம் கேட்டால், நகையில் ஆரம்பிப்பார்கள். தாய் வீட்டுச் சீர், கழுத்துச் சங்கிலி, சில வீடுகளில் தாலிக்கொடி. அடகுக் கடைக்குப் போனது அவர்களுடையது, மெஷின் கணவன் பேரில் வந்தது. ஏலச்சீட்டுக் கட்டியது இட்லிக் காசு. பட்டறை ஆரம்பித்த வருடங்களில் சம்பளம் இல்லாமல் பிசிர் வெட்டியதும், வேலைக்கு வந்த பையன்களுக்குச் சோறு போட்டதும் அவர்கள். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த 127 நாட்களும் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது எந்தச் சங்க வரலாற்றிலும் ஓர் அத்தியாயமாக வேண்டிய கேள்வி. உழைப்பால் உயர்ந்தது பொய் இல்லை. ஒருவரின் உழைப்பால் உயர்ந்தது என்பதுதான் பொய்.

ஒரே குடும்பமா?

பெண்களின் வேலையை மட்டும் சொல்லி லைன் வீட்டை ஒரு பெண்கள் தோழமைச் சித்திரமாக முடித்துவிடவும் எனக்குச் சம்மதம் இல்லை. ‘பத்து வீடும் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம்’ என்ற நினைவு எங்கள் வீட்டிலும் உண்டு. பிரசவத்துக்கு ஓடிவந்தார்கள், குழம்பு கைமாறியது, ஒருத்தி வேலைக்குப் போனால் இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்தாள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் வருவதற்கு முன் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: “நீங்க என்ன ஆளுங்க?” பதிலைப் பொறுத்தே சாவி கிடைத்தது. எங்கள் லைனில் அருந்ததியர் குடும்பம் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆனால் அருந்ததியப் பெண் ஒருவர் தினமும் வந்தார், எடுப்புக் கக்கூஸ் அள்ள. பின்பக்கச் சந்து வழியாக வந்து அந்த வழியாகவே போனார். சேந்து கிணற்றை அவர் தொடக் கூடாது. என் அம்மாயிதான் அவருக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றினார்.

ஆகவே புள்ளி எட்டு என்று ஒரு பெண்ணை எழுதிய கணக்குக்கு எதிராக நான் பேசும்போது, அந்த எட்டுக்கும் கீழே பூஜ்யமாக எழுதப்பட்ட இன்னொரு பெண்ணின் உழைப்பின்மேல்தான் எங்கள் லைனின் சுத்தம் நின்றது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. மலம் அள்ள ஆளை வைப்பதைத் தடை செய்த முதல் மத்தியச் சட்டம் 1993-ல்தான் வந்தது. சங்கு, ஷிப்ட், கூலி என்று நாம் எழுதும் தொழிலாளர் வரலாற்றில் அவருடைய நேரத்துக்குப் பெயரே இல்லை.

சூத்திரம் இன்னும் இருக்கிறது

இது பழங்கதை இல்லை. ஊதியச் சட்டத் தொகுப்புக்காக மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட வரைவு விதிகளிலும் அதே மூன்று நுகர்வு அலகுகள், அதே 2,700 கலோரி. 72 கெஜம் 66 மீட்டர் ஆகியிருக்கிறது. மனைவி என்ற சொல் பாலினம் சுட்டாத சொல்லாக மாறியிருக்கிறது. தண்ணீர் இன்னும் வரவில்லை. திருப்பூரின் லைன் வீடுகளில் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பெண் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, குழாய் திறக்கும் நேரத்துக்கும் எழுந்திருக்கிறாள்.

சில இடங்களில் கணக்கு திருத்தப்படத் தொடங்கியிருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சரிபாதி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்றது. ஆயிரம் ரூபாய் குடம் தூக்கிய கூலிக்கு ஈடாகாது. ஆனால் உதவிக்கும் உரிமைக்கும் நடுவில் இருக்கிற தூரம் சின்னது இல்லை.

இலக்கியம் படிக்கும் மாணவிகளுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றிய நாவல் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அதில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள், எத்தனை நடை என்று குறித்துக்கொள்ளுங்கள். கக்கூஸைக் கழுவியவர் பிரதியில் இருக்கிறாரா என்று பாருங்கள். கதாநாயகனின் முதல் மெஷினுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் எழுபது வயது தாண்டிய பெண் ஒருவர் இருந்தால் அவரிடமும் இதே மூன்று கேள்விகளைக் கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதி வையுங்கள். கூலிக் கணக்கிலும் நாவலிலும் விடுபட்டது முழுதாக எழுதப்படும்வரை, அந்த நோட்டுப் புத்தகங்கள்தான் நம் ஆவணம்.